மரபணு மாறாமலே புற்றுநோய் எப்படிப் பரவுகிறது?

கேள்வி கேட்டவர் தம் சித்தியின் நோயைச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார். மார்பகக் கட்டியை அறுவை செய்து எடுத்து, சிகிச்சையெல்லாம் முடிந்து நான்கு ஆண்டுகள் கழித்து முதுகெலும்பில் புற்று தெரிந்திருக்கிறது. இது புதிய நோயில்லை, பழைய மார்பகப் புற்றேதான் என்று மருத்துவர் விளக்கியிருக்கிறார். "அதே செல், அதே மரபணு என்றால் அது மட்டும் ஏன் கிளம்பிப் போனது? அந்த மரபணுவை அணைத்துவிட முடியாதா?" என்று அவர் கேட்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பரவல் என்பது மரபணுவில் நேரும் புதிய பழுதா, அல்லது பழுதில்லாத மரபணுக்களே வேறு விதமாக வாசிக்கப்படுவதா என்பது ஒன்று. அந்த வாசிப்பை மாற்றும் சமிக்ஞையை மருந்தால் நிறுத்தலாமா என்பது மற்றொன்று. நான் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர் இல்லை. பல ஆண்டுகளாக ஆய்வகத்தில் மார்பக செல்களை வளர்த்து, அவற்றுள் சமிக்ஞைகள் எப்படிக் கடத்தப்படுகின்றன என்று பார்த்துவருபவன். ஆகவே முதல் கேள்விக்கு விரிவாகவும், இரண்டாவதற்கு என் எல்லைக்குள் நின்றும் பதில் சொல்கிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்கலாம். கட்டி உருவாக மரபணுப் பிறழ்வுகள் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் ஒரே நோயாளியின் முதல் கட்டியையும் பரவிய இடத்துக் கட்டியையும் டி.என்.ஏ. வரிசை அளவில் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், பரவலுக்கென்றே எல்லாரிடமும் திரும்பத் திரும்ப வரும் பிறழ்வு எதுவும் கிடைக்கவில்லை. சில புதிய பிறழ்வுகள் தோன்றுவது உண்மைதான். ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைக் குறைக்கும் மாத்திரைகளை நீண்ட காலம் எடுத்தவர்களிடம் ஈஸ்ட்ரோஜனின் சமிக்ஞையைப் பெறும் புரதமான ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் மரபணுவிலேயே பிறழ்வு வருவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும் அது மருந்திலிருந்து தப்பிக்கும் வழியே தவிர, செல்லைப் புறப்படச் செய்த காரணமாகத் தெரியவில்லை. நம் தோல் செல்லிலும் கல்லீரல் செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான், எந்த மரபணு படியெடுக்கப்பட்டுப் புரதமாகிறது, எது மூடிக் கிடக்கிறது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. மரபணு வெளிப்பாடு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். பரவலும் பெரும்பாலும் இந்த மட்டத்தில் நடக்கும் விவகாரம். எந்த மரபணுவைத் திறப்பது, எதை மூடுவது என்ற ஆணை செல்லுக்கு வெளியிலிருந்து வருகிறது. அந்த ஆணை வந்து சேரும் பாதைக்குத்தான் சமிக்ஞைப் பாதை என்று பெயர்.

பாதைகள் பல இருந்தாலும் ஒன்றை நெருங்கிப் பார்த்தால் மற்றவை ஓரளவு புரிந்துவிடும் என்பதால் டி.ஜி.எஃப்.-பீட்டா என்னும் புரதத்தின் பாதையை எடுத்துக்கொள்கிறேன். இந்தப் புரதம் செல்களுக்கு இடையிலுள்ள இழைப் பின்னலில் ஓர் உறைக்குள் அடைபட்டு, செயலற்றுக் கிடக்கும். காயம் பட்டாலோ, அழற்சி வந்தாலோ, கட்டியைச் சுற்றியுள்ள திசு இறுகி இழுபட்டாலோ உறை பிரிந்து அது விடுபடுகிறது. விடுபட்டது அருகிலுள்ள செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பியைப் பற்றிக்கொள்கிறது. ஏற்பி இரண்டு வகைப் புரதங்களால் ஆனது. இரண்டாம் வகை முதலாம் வகையின் மீது பாஸ்பேட் என்ற சிறு வேதிக்குழுவை ஏற்ற, விழித்துக்கொண்ட முதலாம் வகை செல்லுக்குள்ளிருக்கும் ஸ்மாட்-2, ஸ்மாட்-3 என்னும் புரதங்களின் வால் நுனியில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. வாலில் பாஸ்பேட் ஏறிய ஸ்மாட்டுகள் ஸ்மாட்-4 என்ற கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டு உட்கருவுக்குள் நுழைகின்றன. ஏற்பியைத் தொட்டதிலிருந்து உட்கருவை அடையும் வரை ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆகும்.

உட்கருவுக்குள் என்ன நடக்கிறது என்பதே கேள்வியின் மையம். ஸ்மாட்டுகள் டி.என்.ஏ.வைத் தாமே பற்றும் பிடி தளர்வானது. அங்கே ஏற்கெனவே இருக்கும் வேறு படியெடுத்தல் காரணிகளோடு, அதாவது மரபணுவைத் திறக்கவோ மூடவோ டி.என்.ஏ.வில் அமரும் புரதங்களோடு, சேர்ந்தால்தான் பிடி இறுகும். எனவே ஒரே சமிக்ஞை எந்த மரபணுவைத் திறக்கும் என்பது, அந்த நேரத்தில் அந்த செல்லுக்குள் யார் துணைக்கு இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் குழப்பங்கள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. மார்பகக் குழாய்ச் சுவரைச் சேர்ந்த பல செல்களில் ஸ்மாட்டுகள் திறக்கும் மரபணுக்களுள் ஒன்று ஸ்னெயில். அதிலிருந்து உருவாகும் புரதம் மற்ற மரபணுக்களை மூடும் வேலையைச் செய்வது. ஈ-கேட்ஹெரின் என்ற புரதத்தின் மரபணுவுக்கு முன்னால், படியெடுத்தலைத் தொடங்கிவைக்கும் பகுதியில், ஆறெழுத்து வரிசை ஒன்று இருக்கிறது. ஸ்னெயில் அதில் போய் அமர்ந்து, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் என்னும் புரதங்களிலிருந்து அசிட்டைல் குழுக்களை நீக்கும் நொதிகளை வரவழைக்கிறது. அசிட்டைல் போனதும் அந்த இடம் இறுக மடிந்துகொள்கிறது. படியெடுக்கும் நொதி நுழைய முடிவதில்லை. மரபணுவில் ஓரெழுத்துகூட மாறவில்லை, ஆனால் செல்லைப் பொறுத்தவரை அது இல்லாததற்குச் சமம். ஸ்னெயில்தான் ஈ-கேட்ஹெரினை அடக்குகிறது என்பதை 2000ஆம் ஆண்டில் ஸ்பெயினைச் சேர்ந்த இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டு ஒரே சமயத்தில் வெளியிட்டன.

ஈ-கேட்ஹெரின் போனால் என்ன? செல்லையும் செல்லையும் பக்கவாட்டில் கட்டிவைக்கும் கொக்கி அதுதான். ஆய்வகத்தில் எலியின் பால்சுரப்பி செல்களைத் தட்டில் வளர்த்தால் தேனடை அறைகள் போல விளிம்போடு விளிம்பு ஒட்டிப் பரவி நிற்கும். செல்கள் வளரும் திரவமான ஊடகத்தில், ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் என்ற கணக்கில் டி.ஜி.எஃப்.-பீட்டாவைச் சேர்த்துவிட்டு மறுநாள் காலையில் நுண்ணோக்கியில் பார்த்தால் விளிம்புகள் மங்கியிருக்கும். இரண்டாம் நாள் மாலைக்குள் செல்கள் தறிநாடாவைப் போல நீண்டு, ஒன்றையொன்று விட்டு விலகி, தனித்தனியே கிடக்கும். முதல் முறை இதைப் பார்த்தபோது தட்டில் வேறு செல் கலந்துவிட்டது என்று நினைத்து, அத்தனையையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கினேன். மறுபடியும் அதுவேதான் வந்தது. அதைவிடப் பெரிய செய்தி அடுத்து நடப்பது: ஊடகத்தை மாற்றி டி.ஜி.எஃப்.-பீட்டாவை எடுத்துவிட்டால் சில நாள்களில் செல்கள் பழையபடி தேனடையாகச் சேர்ந்துவிடுகின்றன. பிறழ்வு இப்படித் திரும்பிப் போகாது. சமிக்ஞையால் வந்தது மட்டுமே சமிக்ஞை நின்றால் போகும்.

இந்த மாற்றத்துக்கு எபிதீலியல்–மீசென்கைமல் மாற்றம் என்று பெயர். சுவர் போல ஒட்டி நிற்கும் செல் நடமாடும் செல்லாக மாறுவது என்று தமிழில் விளக்கலாம். இது புற்றுநோய் கண்டுபிடித்த தந்திரமில்லை. 1982இல் ஹார்வர்டில் எலிசபெத் ஹேயும் அவரோடு பணியாற்றியவரும் கண்வில்லை செல்களைக் கொல்லாஜன் களியில் வைத்தபோது அவை வடிவம் மாறி நகரத் தொடங்கியதை விவரித்தார்கள். கருவில் இது ஒவ்வொரு நாளும் நடப்பது. நரம்புக் குழாயின் முகட்டிலிருந்து செல்கள் பிரிந்துபோய்த் தோலின் நிறமிச் செல்களாகவும் முக எலும்புகளாகவும் ஆவது இதே வழியில்தான். ஸ்னெயில் மரபணுவே முதலில் பழ ஈயின் கருவில், வயிற்றுப்பக்கத்து செல்கள் உள்மடிந்து நுழைவதற்கு வேண்டிய மரபணுவாகத் தெரியவந்தது. கரு முடித்துவிட்டு மூடிவைத்த அத்தியாயத்தைக் கட்டி செல் தவறான வயதில், தவறான இடத்தில் திறந்து படிக்கிறது.

இங்கே ஒரு முரணைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் மருந்து பற்றிய கேள்விக்கு அது நேராகப் போகிறது. நலமான செல்லுக்கு டி.ஜி.எஃப்.-பீட்டா அனுப்பும் முதன்மையான ஆணை "பிரிந்து பெருகாதே" என்பதுதான். அதே ஸ்மாட்டுகள் அங்கே வேறு துணைகளோடு சேர்ந்து, செல் பிரிதலைத் தடுக்கும் பி-15, பி-21 மரபணுக்களைத் திறந்து, பெருக்கத்தைத் தூண்டும் மிக் மரபணுவை அடக்குகின்றன. கணையப் புற்றுகளில் ஏறத்தாழப் பாதியில் ஸ்மாட்-4 செயலிழந்திருப்பதே அந்தத் தடையின் மதிப்பைக் காட்டுகிறது. கட்டி அதைத் தொலைத்தால்தான் வளர முடிகிறது. வேறு கட்டிகளிலோ பாதை முழுதாக இருக்கும், ஆனால் "பெருகாதே" என்ற பகுதி மட்டும் செவியில் ஏறாமல், "கிளம்பு" என்ற பகுதி ஏறும். தொடக்கத்தில் காவலாக இருந்த சமிக்ஞை பிற்பாடு துணைபோவதை வளர்ப்பு செல்களிலும் எலிகளிலும் பலமுறை காட்டியிருக்கிறார்கள். மனிதக் கட்டியில் எந்தக் கட்டத்தில் இந்தத் திருப்பம் நேர்கிறது என்பதை ஒரு நோயாளியிடம் அளந்து சொல்லும் சோதனை இன்று நம்மிடம் இல்லை.

பாதைகள் தனித்தனிக் குழாய்களாக ஓடுவதில்லை என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். ஸ்னெயில் புரதம் மிகக் குறுகிய ஆயுள் கொண்டது. இருப்பதில் பாதி சுமார் 25 நிமிடங்களில் அழிந்துவிடும். அழிக்கச் சொல்லி அதன்மேல் பாஸ்பேட்டைக் குறியிடும் நொதி ஜி.எஸ்.கே.-3 பீட்டா. இதே நொதிதான் பீட்டா-கேட்டினின் என்ற இன்னொரு புரதத்தையும் அழிவுக்கு அனுப்புகிறது. வளர்ச்சிக் காரணிகளின் ஏற்பிகள் ஓயாமல் தூண்டப்படும்போது, ஏ.கே.டி. என்னும் நொதி வழியாக இந்த ஜி.எஸ்.கே.-3 பீட்டா முடக்கப்படலாம். அப்போது ஸ்னெயிலைப் படியெடுக்கும் வேகம் கூடாமலே, அழிவு குறைவதால் மட்டும் அதன் அளவு கூடிவிடும். ஆக, ஒரு பாதை மரபணுவைத் திறக்க, இன்னொரு பாதை அதன் விளைபொருளைக் காப்பாற்றுகிறது. இரண்டும் ஒரே செல்லில் கூடும்போதுதான் மாற்றம் நிலைக்கிறது.

இப்படிச் சுற்றுச்சூழல்தான் வாசிப்பை மாற்றுகிறது என்பதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய சான்று பெருங்குடல் புற்றில் இருக்கிறது. அங்கே பெரும்பாலான கட்டிகளில், பீட்டா-கேட்டினினை அழிக்க உதவும் ஏ.பி.சி. மரபணு பழுதாகியிருப்பதால், அழிக்கப்பட வேண்டிய பீட்டா-கேட்டினின் எல்லாச் செல்களிலும் ஒரே அளவில் உட்கருவுக்குள் புகுந்து மரபணுக்களைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் கட்டியை மெல்லிய சீவலாக்கி, பீட்டா-கேட்டினினுக்குப் பழுப்பு நிறம் ஏற்றிப் பார்த்தால் அப்படித் தெரிவதில்லை. கட்டியின் நடுவில், குழாய் வடிவம் இன்னும் கலையாத இடத்தில், பழுப்பு செல்லின் ஓரங்களில் மெல்லிய கோடாகவே நிற்கும். கண்ணாடித் தகட்டை நகர்த்தி, கட்டி தசையைத் துளைத்துப் போகும் விளிம்புக்கு வந்தால், கூட்டத்திலிருந்து ஒன்றிரண்டாக உதிர்ந்து நிற்கும் செல்களின் உட்கரு அடர்ந்த பழுப்பாக இருக்கும். நடுவிலும் விளிம்பிலும் ஏ.பி.சி. பழுது ஒன்றுதான்; வேறுபடுவது அக்கம்பக்கம். 2001இல் தாமஸ் பிராப்லெட்ஸ் குழு ஜெர்மனியிலிருந்து இதை வெளியிட்டபோது இன்னொன்றையும் சொன்னது: நிணநீர் முடிச்சுக்குப் பரவி வளர்ந்த கட்டியில், செல்கள் மறுபடி குழாய் வடிவம் எடுத்து, பழுப்பும் நடுப்பகுதியில் ஓரங்களுக்குத் திரும்பியிருந்தது. போகும்போது அணிந்த வேடத்தைச் சேர்ந்த இடத்தில் களைந்துவிட்டன.

இதுவரை சொன்னவற்றில் தனித்தனிக் கண்ணிகள் உறுதியானவை. ஆனால் "இந்த மாற்றம் இல்லாமல் மனிதரில் புற்று பரவாது" என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். அது இன்னும் வழக்கு நடந்துகொண்டிருக்கும் விஷயம். 2015இல் வெளியான இரண்டு எலி ஆய்வுகள் துறையையே உலுக்கின. ஒன்றில், மார்பகக் கட்டியிலிருந்து நுரையீரலுக்குப் போன செல்கள் பெரும்பாலும் இந்த மாற்றத்துக்கு உட்படாதவை என்று தெரிந்தது. மற்றொன்றில், கணையப் புற்றில் ஸ்னெயிலையோ அதைப் போலவே இந்த மாற்றத்தைத் தூண்டும் ட்விஸ்டையோ நீக்கிய பிறகும் பரவல் குறையவில்லை, ஆனால் மருந்துக்குக் கட்டி கூடுதலாகப் பணிந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே வகைக் கணையப் புற்றில் செப்-1 என்ற வேறொரு அடக்கும் காரணியை நீக்கியபோது பரவல் தெளிவாகக் குறைந்தது. 2019இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு இதற்கெல்லாம் மேலே போய், குழாய்வகை மார்பகப் புற்றின் மாதிரிகளில் ஈ-கேட்ஹெரினை எடுத்துவிட்டால் செல்கள் அக்கம்பக்கத்தில் கூடுதலாக ஊடுருவினாலும், தொலைவில் போய்க் குடியேறுவது குறைகிறது என்று காட்டியது. கொக்கி இல்லாத செல்கள் வழியிலேயே மடிந்துபோகின்றன. என் மதிப்பீட்டில், முழு மாற்றத்தைவிட அரைகுறை மாற்றமே ஆபத்தானது: கொஞ்சம் நகரவும் தெரியும், கொஞ்சம் ஒட்டிக்கொண்டு கூட்டமாகப் போகவும் தெரியும். எலிகளில் சான்று இந்தத் திசையில் சேர்ந்துவருகிறது. ஆனாலும் என் மதிப்பீட்டை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லோபுலார் என்னும் மார்பகப் புற்று வகை வேறு இருக்கிறது. அதில் ஈ-கேட்ஹெரின் பிறழ்வாலேயே தொலைந்துவிடுகிறது, செல்கள் ஒற்றை வரிசையாக எறும்புச் சாரை போல் திசுவுக்குள் போகின்றன, ஆனால் மற்ற அடையாளங்களில் அவை சுவர் செல்களாகவே இருக்கின்றன. எந்த விதிக்கும் அடங்காத அந்த வகையை வைத்துத்தான் மாணவர்களின் வாயை நான் அடக்குவது வழக்கம்.

இனி எலும்புக்கு வருகிறேன். லண்டனில் ஸ்டீபன் பேஜெட் 1889இலேயே, மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைத் தொகுத்துப் பார்த்தார். கல்லீரலில் 241 பேருக்குக் கட்டி இருந்தது. தாராளமாக ரத்தம் பாயும் மண்ணீரலில் 17 பேருக்கு மட்டுமே. ரத்தம் கொண்டுபோய் விட்ட இடத்திலெல்லாம் விதை முளைப்பதில்லை, மண்ணும் ஒத்துவர வேண்டும் என்று அவர் எழுதினார். 1970இல் அமெரிக்காவில் ஐசயா ஃபிட்லர் கதிரியக்க அயோடினால் குறியிட்ட புற்று செல்களை எலியின் ரத்தத்தில் செலுத்தியபோது, ஒரு நாளுக்குப் பின் ஆயிரத்துக்கு ஒன்றுகூடப் பிழைத்திருக்கவில்லை. புறப்படுவது எளிது; ஊன்றுவதுதான் அரிது. எலும்பு ஏன் மார்பக செல்லுக்கு ஏற்ற மண்ணாகிறது என்றால், மீண்டும் நம் டி.ஜி.எஃப்.-பீட்டாதான். எலும்பின் கனிமப் பின்னலுக்குள் அது ஏராளமாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. அங்கே வந்த புற்று செல் பாராதைராய்டு ஹார்மோனை ஒத்த ஒரு புரதத்தைச் சுரக்க, அது எலும்பைக் கட்டும் செல்களை ராங்க்-எல் என்ற சமிக்ஞையை வெளியிடத் தூண்ட, அது எலும்பை அரிக்கும் செல்களை எழுப்புகிறது. எலும்பு அரிபட அரிபட உள்ளிருந்து டி.ஜி.எஃப்.-பீட்டா விடுபட்டுப் புற்று செல்லின் ஸ்மாட்டுகளை உட்கருவுக்கு அனுப்புகிறது. அங்கே அவை திறக்கும் மரபணுக்களுள் ஒன்று, முதலில் சொன்ன அதே ஹார்மோன் ஒப்புப் புரதத்தினுடையது. சக்கரம் தன்னைத் தானே சுற்றிக்கொள்கிறது. 2003இல் நியூயார்க்கில் ஜுவான் மசாகேவின் குழு, எலும்பை நாடிப் போகும் மார்பகப் புற்று செல்களைப் பிரித்தெடுத்து, அவற்றில் கூடுதலாகத் திறந்திருக்கும் ஒரு சிறு மரபணுத் தொகுதியைக் கண்டது. அவற்றுள் சில டி.ஜி.எஃப்.-பீட்டாவால் மேலும் தூண்டப்படுபவை. கண்ணுக்குத் தெரியாமல் நான்கு ஆண்டுகள் என்ன நடந்தது என்று கேட்டால், எலும்பு மஜ்ஜையில் செல்கள் பிரியாமல் உறங்கிக்கிடக்கும் நிலை உண்டு என்பது வரை உறுதி. சித்தியின் விஷயத்தில் எழுப்பியது எது என்பதை யாராலும் சொல்ல இயலாது. "அவர் கவலைப்பட்டதாலா, உணவில் ஏதோ தவறியதாலா" என்று குடும்பத்தில் பேச்சு வந்தால் அதற்கு ஆதாரமில்லை என்று நீங்கள் சொல்லலாம்.

சரி, அணைத்துவிட முடியாதா? முயன்றிருக்கிறார்கள். டி.ஜி.எஃப்.-பீட்டாவின் முதலாம் வகை ஏற்பியை முடக்கும் கலுனிசெர்டிப் என்ற மாத்திரை மனிதர்களில் சோதிக்கப்பட்டது. விலங்குகளில் இவ்வகை மருந்துகள் இதய வால்வுகளைச் சேதப்படுத்தியதால், 14 நாள் கொடுத்து 14 நாள் நிறுத்தும் முறையை வகுத்தார்கள். கடைசியில் தயாரிப்பு நிறுவனமே அதைக் கைவிட்டது. மேலே சொன்ன முரணை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும்: இந்தச் சமிக்ஞை இதயத்துக்கும் வேண்டும், நோய் எதிர்ப்பை அடக்கிவைக்கவும் வேண்டும், நலமான செல்லின் பெருக்கத்தைத் தடுக்கவும் வேண்டும். இன்னொரு தடை காலம். பல நோயாளிகளிடம் கட்டி கண்டுபிடிக்கப்படும்போதே செல்கள் சில போய்ச் சேர்ந்திருக்கும். புறப்பாட்டைத் தடுக்கும் மருந்து அவற்றை ஒன்றும் செய்யாது. வேடத்தைக் களைந்து ஊன்றத் துடிக்கும் செல்லில் ஸ்னெயிலை அடக்கினால், ஊன்றுவதற்கு நாமே உதவியதாகவும் ஆகலாம் என்ற அச்சம் எனக்கு உண்டு. ட்விஸ்டை வைத்துச் செய்த எலிச் சோதனை அந்த அச்சத்துக்கு இடம் கொடுக்கிறது: கட்டியில் அது இயங்கினால் செல்கள் ரத்தத்துக்குள் போயின, போன இடத்தில் அதை அணைத்த பிறகே அவை பெருகின.

எலும்பில் மட்டும் நிலைமை சற்று நல்லது, ஏனெனில் அங்கே புற்று செல்லைத் தொடாமலே சக்கரத்தின் வேறோர் ஆரத்தை முறிக்கலாம். ராங்க்-எல்லைப் பிடித்துக்கொள்ளும் டெனோசுமாப் என்ற ஊசி மருந்து 2010 முதல் இதற்குப் பயன்பாட்டில் உள்ளது. பழைய மருந்தான சோலெட்ரானிக் அமிலத்தோடு ஒப்பிட்ட பெரிய சோதனையில், எலும்பு முறிவு போன்ற சிக்கல்களை அது கூடுதல் காலம் தள்ளிப்போட்டது. வாழ்நாளில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். இந்த ஊசியைத் தொடங்குமுன் பல் மருத்துவரைப் பார்க்கச் சொல்வார்கள். தாடையெலும்பில் பாதிப்பு வரும் வாய்ப்பு சிறிய அளவில் இருப்பதால் அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வாசிப்பு மாறக்கூடியது என்பதன் நேரடி விளைவு, முதல் கட்டியில் இருந்த ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, செல் பெருக்கத்தைத் தூண்டும் ஹெர்-2 என்ற ஏற்பி ஆகியவற்றின் நிலை எலும்பில் இருக்கும் கட்டியிலும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதே. சிலரிடம் இருந்தது மறைந்திருக்கும். சிலரிடம் இல்லாதது தோன்றியிருக்கும். மருந்துத் தேர்வு இதை ஒட்டியே நடப்பதால், இயன்றால் எலும்பிலிருந்து திசு எடுத்து மறுபடி சோதிப்பது வழக்கம். சித்தியின் அறிக்கையில் நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய முடிவு மட்டும் இருக்கிறதா, புதிய திசுவின் முடிவும் இருக்கிறதா என்று பாருங்கள். புதியது என்றால், எலும்புத் துண்டின் சுண்ணாம்பை எந்த முறையில் கரைத்தார்கள் என்று நோய்க்குறியியல் பிரிவில் கேட்பதில் தவறில்லை. வலுவான அமிலத்தில் நெடுநேரம் ஊறிய துண்டில் ஏற்பி உண்மையாகவே இருந்தாலும் நிறம் ஏறாமல் போகலாம். "எதிர்மறை" என்று வந்த முடிவை ஏற்கும் முன் இந்தக் கேள்வியோடு புற்றுநோய் மருத்துவரிடம் போங்கள்.